அளக்கத் தக்க குரல்



இலக்கியமும் வரலாறும் பேசப்படும் மேடையில் ஒலிப்பதிவைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். அழைத்தவர்களின் துணிவுக்கு முதலில் நன்றி. நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். பேச்சை ஆராய்கிறவரின் வேலை கணினிக்கு முன்னால் உட்காரும்போது தொடங்குவதில்லை. ஒலிவாங்கியை எங்கே வைப்பது என்று முடிவு செய்யும் நொடியிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது, அல்லது கெட்டுவிடுகிறது. பதிவில் விழாத ஒலி பிறகு எந்த மென்பொருளிலும் முளைக்காது. கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் தமிழர்களுக்கு இது அவசரமான செய்தி. லயத்து வீட்டில் பிறந்து, பால்மரக் காட்டில் வளர்ந்து, பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்த தலைமுறை நம்மிடையே குறைந்துகொண்டே வருகிறது.

முன்பு பதித்தவர்கள்

தமிழின் ஒலியை அளக்கும் ஆசை புதியதன்று. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று தொல்காப்பியர் வகுத்தார். கண்ணிமைப்பும் கைந்நொடியும் அவருக்கு அலகு. கருவியில்லாக் காலத்தில் காதையே கருவியாக்கிய கணக்கு அது. குறிலும் நெடிலும் ஏறத்தாழ ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் அமைவதைப் பின்னாளைய ஆய்வுக்கூட அளவீடுகளும் காட்டின.

கருவியால் பதிக்கும் முயற்சியில் குறிப்பிடத் தக்கது ஜார்ஜ் கிரியர்சனின் இந்திய மொழிக் கணக்கெடுப்பை ஒட்டி நடந்த கிராமஃபோன் பதிவு. அச்சிட்ட தொகுதிகளில் சென்னை மாகாணம் சேரவில்லை, இசைத்தட்டில் சேர்ந்தது. 1913 தொடங்கி 1929 வரை நடந்த அந்தப் பதிவில் தமிழும் உண்டு. பைபிளில் வரும் ஊதாரி மகன் கதையை ஒவ்வொரு மொழியிலும் சொல்லச் சொல்லிப் பதித்தார்கள். எல்லா மொழிக்கும் ஒரே கதை என்பதால் ஒப்பிட வசதி. ஆனால் மின்சார ஒலிவாங்கி 1925 வாக்கில்தான் புழக்கத்துக்கு வந்தது. அதற்கு முன் கூம்புக்குள் உரக்கப் பேசித்தான் பதிக்க வேண்டும். அப்படிப் பதித்த தட்டில் உயர்ந்த அலைவெண்கள் ஏறவில்லை. பேச்சு புரியும், சகரத்தின் சீறல் எங்கே திரண்டிருந்தது என்று இன்று கேட்டால் அந்தத் தட்டிடம் பதில் இல்லை.

1964-இல் லீ லிஸ்கர், ஆர்தர் ஆப்ராம்சன் இருவரும் 11 மொழிகளின் சொல்முதல் வல்லினங்களை அளந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். அவற்றில் தமிழும் ஒன்று. அடைப்பு வெடித்த நொடிக்கும் குரல்வளை அதிரத் தொடங்கும் நொடிக்கும் இடையே எவ்வளவு நேரம்? ஆங்கிலச் சொல்முதல் ககர ஒலிக்கு ஏறத்தாழ 80 மில்லி வினாடி. தமிழ்க் ககரத்துக்கு 24 அளவில். 'காப்பி' என்று நாம் சொல்வதும் ஆங்கிலேயர் சொல்வதும் வேறாகக் கேட்பதற்கு இந்த இடைவெளி ஒரு காரணம். 1999-இல் ஸ்ரீகாந்த் நாராயணன், டேனி பர்ட், அபிகெய்ல் கவுன் மூவரும் ர, ற, ல, ள, ழ என்ற ஐந்தையும் காந்த அதிர்வுப் படம் எடுத்தும் நாக்கின் அசைவைத் தொடர்ந்தும் ஆராய்ந்து, நாக்கின் வடிவத்தையும் ஒலியின் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். ஐந்து ஒலியையும் பிரித்துச் சொல்லும் ஒருவரின் வாய் எப்படி இயங்குகிறது என்பது அதனால் தெரிந்தது. கிள்ளானில் எத்தனை பேர் ஐந்தையும் பிரித்துச் சொல்கிறார்கள் என்பது வேறு கேள்வி. அதற்குக் கிள்ளானில்தான் பதிவு செய்ய வேண்டும்.

கோலாலம்பூருக்குத் தமிழாய்வில் ஒரு தனி இடம் உண்டு. முதலாவது உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு 1966 ஏப்ரலில் இங்கேதான் கூடியது. கூட்டியவர் அன்று மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் இருந்த தனிநாயகம் அடிகள். 1987, 2015, 2023 என்று அதன் பிறகும் அந்த மாநாடு இந்த ஊருக்கு வந்தது. கட்டுரைகளைத் தொகுத்து அச்சிட்டோம். அதே அக்கறையோடு குரலைத் தொகுத்தோமா என்பதே இன்றைய கேள்வி.

ஒரே ரயில் பாதை, இரண்டு தமிழ்

கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் பாதையில் 1886-இல் ரயில் ஓடத் தொடங்கியது. அந்தப் பாதையின் இரு முனையிலும் இரண்டு வகைத் தமிழ் வேர்விட்டது. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வேப் பணிமனையும் குடியிருப்பும் எழுந்தன; குமாஸ்தா வேலைக்கும் நிலைய வேலைக்கும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் அங்கே குடியேறினார்கள். ஜாலான் ஸ்காட் கந்தசுவாமி கோயில் அவர்கள் கட்டியது. கிள்ளானைச் சுற்றிலும் ரப்பர்த் தோட்டம், பின்னால் செம்பனை. சேலம், வடஆற்காடு, திருச்சி, தஞ்சைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கங்காணி வழியாக வந்தவர்களின் தமிழ் அங்கே.

இரண்டும் காதுக்கே வேறுபடும். 'காற்று' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாண வழிவந்த வீட்டில் நாக்கு நுனி மேற்பல்லுக்குப் பின்னுள்ள ஈற்றில் அழுந்தி வெடிக்கும் பழைய ற்றகரம் கேட்கும். தோட்டத்து வழிவந்த வீட்டில் அதே சொல் 'காத்து'. நாக்கு பல்லைத் தொடும். இப்போது சொல்லுங்கள்: பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் பிறந்த பேரன், தமிழ்ப்பள்ளியில் படித்து, மின்னல் எஃப்எம் வானொலி கேட்டு, கிள்ளான்காரப் பெண்ணை மணந்தவன், எதைச் சொல்கிறான்? 'காற்று' என்கிறானா, 'காத்து' என்கிறானா, பாட்டியிடம் ஒன்றும் மனைவியிடம் ஒன்றுமா? இது ஊகத்தில் தீர்க்கும் விஷயமில்லை; அளந்து தீர்க்கலாம். நாக்கு எங்கே தொட்டது என்பதை, அடைப்புக்கு முன்னும் பின்னும் உயிரொலியின் அலைவெண்கள் எப்படி வளைகின்றன என்பது காட்டிக்கொடுக்கும். அந்த வளைவு சில பத்து மில்லி வினாடிக்குள் முடிந்துவிடும். அது பதிவில் தெளிவாக இருந்தால்தான் ஆய்வு.

வானொலிக் காப்பகம் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. மலாயா வானொலியின் தமிழ் ஒலிபரப்பு 1946-இல் தொடங்கியது. வானொலி நிலையம் உள்ள அங்காசாபுரி பிரிக்பீல்ட்ஸுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் அறிவிப்பாளர் பேசுவது ஒலிபரப்புத் தமிழ். வீட்டுக்காரி அடுப்படியில் பேசும் தமிழ் அங்கே அரிதாகவே கிடைக்கும். நேயர்கள் தொலைபேசியில் பேசிய பகுதிகள் உண்டே என்றால், பழைய தொலைபேசி இணைப்பு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். அதற்கு மேலே இருந்த சீறல் கம்பியிலேயே நின்றுவிட்டது.

முதலில் அறை

ஒலிப்பதிவு என்றதும் எல்லோரும் 'எந்த மைக் வாங்கலாம்' என்று கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது அறையைப் பற்றி.

1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிய விரிவுரை மண்டபம் ஒன்றில் பேசுவது ஒருவருக்கும் புரியவில்லை. சொன்ன சொல் அடங்க ஏறத்தாழ 5.5 வினாடி ஆயிற்று. வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியலாளர் பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து அடுக்கி, ஆர்கன் குழலை ஊதி, ஒலி மறையும் நேரத்தைக் கணக்கிட்டார். அதிலிருந்து பிறந்த சூத்திரம் எளியது: அறையின் கனஅளவை 0.161-ஆல் பெருக்கி, அறையில் உள்ள பொருள்கள் உறிஞ்சும் மொத்த அளவால் வகுத்தால் எதிர்முழக்கம் அடங்கும் நேரம் கிடைக்கும்.

நம் அடுக்குமாடி வீட்டு அறை ஒன்றை அதில் போட்டுப் பார்ப்போம். நான்கு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரம். 48 கன மீட்டர். சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்து 80 சதுர மீட்டர். சிமெண்டும் ஓடும் விழும் ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்கை மட்டும் உறிஞ்சும் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 2.4 சதுர மீட்டர். எதிர்முழக்கம் 3.2 வினாடி. அதே அறையில் இரண்டு மெத்தைகளைச் சுவரில் சாய்த்து, கனத்த திரைச்சீலை தொங்கவிட்டு, துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து, உறிஞ்சும் பரப்பில் பத்து சதுர மீட்டர் கூட்டுங்கள். எதிர்முழக்கம் 0.6 வினாடிக்கு இறங்கிவிடும். செலவு ஒரு வெள்ளிகூட இல்லை.

தமிழ் ஆய்வுக்கு இது ஏன் முக்கியம்? 'பத்து', 'பட்டு', 'பக்கம்' போன்ற சொற்களின் நடுவே வல்லினம் இரட்டிக்கும்போது வாய் அடைத்திருக்கிறது; அந்த இடத்தில் அமைதி. அந்த அமைதியின் நீளந்தான் இரட்டிப்பின் அளவு. எதிர்முழக்கம் உள்ள அறையில் முன்னால் வந்த அகரம் சுவரில் மோதித் திரும்பிவந்து அந்த அமைதிக்குள் வழிந்துவிடுகிறது. அகரம் எங்கே முடிந்தது, அடைப்பு எங்கே தொடங்கியது என்று கோடு போட முடியாது. போட்டாலும் ஆளுக்கொரு இடத்தில் போடுவார்கள்.

அறைக்குள் அமைதி கிடைத்தாலும் வெளியே ஊர் இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸில் மோனோரயில், தொழுகை அழைப்பு, கோயில் மணி, தேவாலய மணி எல்லாம் ஒரே தெருவில். கோலாலம்பூரில் இடியும் மழையும் பெரும்பாலும் பிற்பகலில் வரும். தகரக் கூரை வீட்டில் மழை பிடித்தால் அன்றைய பதிவு முடிந்தது. ஆகவே காலை நேரமே உகந்தது. கிள்ளானில் காலையிலும் காகங்கள் விடுவதில்லை. 1890-களில் காப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்பதற்காக இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்டவற்றின் வம்சம் என்கிறார்கள். அவற்றின் கரைதல் நம் உயிரொலிகளின் அலைவெண்கள் நடமாடும் பகுதிக்குள்ளேயே விழுகிறது. வடிகட்டினால் காகத்தோடு உயிரொலியும் போய்விடும். ஜன்னலைச் சாத்துவதுதான் வழி.

ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம். காற்றாடியைப் போட்டால் இரைச்சல். எண்பது வயதுக்காரரை வியர்க்க வியர்க்க உட்காரவைப்பது அறமும் இல்லை, ஆய்வுக்கு நல்லதும் இல்லை. பத்து நிமிடம் காற்றாடியை நிறுத்திப் பேச்சு, ஐந்து நிமிடம் காற்றாடியைப் போட்டுத் தேநீர். இந்த முறை எங்கேயும் பலித்திருக்கிறது.

ஒலிவாங்கியும் கோப்பும்

வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் உள்ள தூரம் இரட்டித்தால் ஒலி 6 டெசிபல் குறையும். மேசையின் மறுகோடியில், ஒரு மீட்டர் தள்ளி இருந்த ஒலிவாங்கியை 25 செண்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் குரல் 12 டெசிபல் ஏறும். அறையின் இரைச்சல் அப்படியே இருக்கும். விலை உயர்ந்த கருவி தராத ஆதாயத்தை ஒரு சாண் தூரம் தந்துவிடும். வாய்க்கு நேரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். பகரத்தின் காற்று நேரே மோதாது. குரல் இரைச்சலைவிட 30 டெசிபலாவது மேலே நிற்க வேண்டும் என்பது நான் கடைப்பிடிக்கும் அளவு.

மின்கம்பியின் முனகல் இன்னொரு தொல்லை. மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதன் மடங்குகளான 100, 150, 200 ஹெர்ட்ஸிலும் முனகல் ஏறும். ஆண்களின் பேச்சுச் சுருதி 100 ஹெர்ட்ஸை ஒட்டியே ஏறி இறங்குவதால், சுருதியைக் கணக்கிடும் மென்பொருள் தாத்தாவின் குரலை விட்டுவிட்டு மின்கம்பியின் குரலைப் பிடித்துக்கொள்ளும். பதிவுக் கருவியையும் மடிக்கணினியையும் மின்கலத்தில் ஓட்டினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

கைப்பேசியில் பதிக்கலாமா? பதிக்கவே பதிக்காமல் இருப்பதைவிடப் பதிக்கலாம். ஆனால் கைப்பேசி உங்கள் அனுமதி இல்லாமலே மூன்று வேலை செய்யும். மெல்லப் பேசினால் தானே உயர்த்தும்; ஓங்கிப் பேசினால் தானே தாழ்த்தும்; இரைச்சல் என்று தான் நினைப்பதை வெட்டும். பிறகு கோப்பைச் சுருக்கிச் சேமிக்கும். புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) அனுப்பினால் மேலும் சுருங்கும். பெருந்தொற்றுக் காலத்தில் ஆய்வாளர்கள் வீட்டிலிருந்தே காணொளி அழைப்பில் பதிவு செய்யத் தொடங்கினார்கள். யேல் பல்கலைக்கழகக் குழு ஒன்று ஒரே பேச்சைப் பல கருவிகளிலும் பல செயலிகளிலும் பதித்து ஒப்பிட்டு, 2021-இல் 'லேங்குவேஜ்' இதழில் எழுதியது: கருவிக்குக் கருவி, செயலிக்குச் செயலி அளவுகள் மாறுகின்றன. கிள்ளான் பாட்டியைக் கைப்பேசியிலும் பிரிக்பீல்ட்ஸ் பாட்டியை நல்ல கருவியிலும் பதித்து ஒப்பிட்டால், நீங்கள் ஒப்பிடுவது இரண்டு கருவிகளை.

நான் பரிந்துரைப்பது இது. வினாடிக்கு 48,000 மாதிரி, 24 பிட், சுருக்காத வேவ் கோப்பு. ஒற்றைத் தடத்தில் ஒரு மணி நேரம் ஏறத்தாழ 520 மெகாபைட். இன்றைய சேமிப்புக்கு இது ஒன்றுமில்லை. எம்பி3 ஆகச் சுருக்கிவிட்டுப் பிறகு வேவ் ஆக மாற்றுகிறவர்கள் உண்டு. அரைத்த மாவை அரிசிப் பையில் கொட்டினால் அரிசி ஆகிவிடாது.

பேச்சு தொடங்குமுன் அரை நிமிடம் யாரும் பேசாமல் அறையின் ஒலியை மட்டும் பதியுங்கள். இரைச்சலின் அளவு பின்னால் எடுக்க அதுவே ஆதாரம். மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள். வெட்டுவதும் இரைச்சல் குறைப்பதும் பிரதியில் மட்டும். 'சுத்தம் செய்து' தருகிறேன் என்று வருகிற செயலிகள் காதுக்கு இனிமை தரும், அளவைக் கெடுக்கும். எப்படிக் கெடுக்கும் என்பதற்கு ழகரமே சாட்சி.

ழகரத்தை அளப்பது

நம் தொண்டை முதல் உதடு வரை உள்ள குழல் ஒரு முனை மூடிய குழாய்போல் இயங்குகிறது. வளர்ந்த ஆணுக்கு அதன் நீளம் ஏறத்தாழ 17 செண்டிமீட்டர். நாக்கு எதையும் செய்யாமல் நடுவில் கிடந்தால் அந்தக் குழல் 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் அளவில் ஒலியைத் தூக்கிக் காட்டும். இந்த முகடுகளை ஃபார்மண்ட் என்கிறோம். வாய் திறக்கத் திறக்க முதல் முகடு ஏறும். நாக்கு முன்னே போகப் போக இரண்டாம் முகடு ஏறும். ஈகாரத்தில் முதலாவது 300 பக்கம், இரண்டாவது 2000-க்கு மேல். ஆகாரத்தில் முதலாவது 700-ஐத் தொடும்.

ழகரத்துக்கு அடையாளம் மூன்றாம் முகட்டில் இருக்கிறது. நாக்கு நுனி மேல்நோக்கி வளைந்து பின்வாங்கும்போது மூன்றாம் முகடு தாழ்ந்து இரண்டாவதை நெருங்கும். 'வாழை' என்று ஒருவர் சொன்னதை ஒலிநிறமாலையில் பார்த்தால், ஆகாரத்தின் நடுவிலேயே மூன்றாவது கோடு கீழ்நோக்கிச் சரியத் தொடங்கி, ழகரத்தில் அடிதொட்டு, ஐகாரத்தில் மீண்டும் ஏறும். அந்தச் சரிவு இல்லாமலே 'வாழை' சொல்பவர்களும் கிள்ளானில் இருக்கிறார்கள். காதுக்கு அது 'வாளை' அல்லது 'வாலை' என்று கேட்கும். இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்களும் உண்டு. கேட்பவருக்கு ஏற்ப அவர் ழகரமாகவோ ளகரமாகவோ காதில் விழும். அங்கேதான் அளவீடு பேச வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், மூன்றாம் முகடு முதல் முகட்டைவிட ஆற்றலில் பல டெசிபல் குறைந்தது. இரைச்சல் குறைக்கும் செயலி எதையாவது வெட்ட வேண்டும் என்றால் முதலில் கை வைப்பது இப்படிப்பட்ட மெலிந்த பகுதியில். சுத்தம் செய்த கோப்பில் பாட்டிக்கு ழகரம் வரவில்லை என்று எழுதுவோம். வரவிடாமல் செய்தது செயலி.

அளப்பதற்கு ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பவுல் பூர்ஸ்மாவும் டேவிட் வீனிங்கும் உருவாக்கிய 'பிராட்' மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. மாணவர்கள் அதில் 'ஃபார்மண்ட்' பொத்தானை அழுத்தி வருகிற எண்ணை அப்படியே எழுதிவிடுகிறார்கள். அந்த எண்ணுக்குப் பின்னால் ஓர் அனுமானம் இருக்கிறது: ஐந்து முகடுகளை எந்த அலைவெண் வரை தேடுவது? பெண் குரலுக்கு 5500, ஆண் குரலுக்கு 5000 என்பது வழக்கம். குழந்தைக்கு இன்னும் மேலே. தாத்தாவுக்கும் பேத்திக்கும் ஒரே அமைப்பை வைத்தால் பேத்தியின் எண்கள் தவறும். ஒவ்வொரு குரலுக்கும் மென்பொருள் இடும் சிவப்புப் புள்ளிகள் ஒலிநிறமாலையின் கருமைப் பட்டைகளின் மேல் உட்காருகின்றனவா என்று கண்ணால் பார்த்துத்தான் அமைப்பை முடிவு செய்ய வேண்டும்.

பேசுகிறவர்

இவ்வளவும் சரியாக இருந்தாலும் பேசுகிறவர் பேசவில்லை என்றால் பயனில்லை. ஒலிவாங்கியைக் கண்டதும் நம் பெரியவர்கள் மேடைத் தமிழுக்கு ஏறிவிடுவார்கள். கிள்ளானில் ஒரு மூதாட்டி, வாசலில் "வாய்யா, பசியாறிட்டியா?" என்று வரவேற்றவர், பொத்தானை அழுத்தியதும் "நான் தோட்டத்தில் பிறந்தேன், மிகவும் சிரமப்பட்டு வாழ்ந்தேன்" என்று வானொலிச் செய்தி வாசித்தார். "அது கெடக்கட்டும் ஆயா, தாமான் ஸ்ரீ மூடாவுல வெள்ளம் வந்தப்ப எங்க இருந்தீங்க?" என்றேன். 2021 டிசம்பர் வெள்ளம். "அய்யோ அத ஏன்யா கேக்குற, சடக்கு எது வீடு எது தெரியல" என்று தொடங்கியவர் ஒலிவாங்கியை மறந்துவிட்டார். உயிருக்கு ஆபத்து வந்த நேரத்தைக் கேள் என்று மொழியியலாளர் வில்லியம் லபோவ் நியூயார்க்கில் கண்ட வழி கிள்ளானிலும் செல்லும்.

கதை மட்டும் போதாது. ஒப்பிட ஒரே சொற்கள் எல்லோர் வாயிலும் வர வேண்டும். கல்லூரி மாணவனுக்குச் சொற்பட்டியலை நீட்டலாம். அதிகம் படிக்க வாய்க்காதவர்களிடம் பட்டியலை நீட்டுவது அவமதிப்பு. படம் காட்டுங்கள்: வாழைப்பழம், கிளி, மழை, பள்ளிக்கூடம், பல். படித்தவரானாலும் பட்டியலின் கடைசிச் சொல்லில் குரல் தானாக இறங்கி நீளும். ஆகவே கடைசியில் அளக்கத் தேவையில்லாத ஒரு சொல்லைப் போடுங்கள். வரிசையை மாற்றி மாற்றிச் சொல்லச் செய்யுங்கள். 'மரம்' என்றதும் அடுத்து 'மறம்' என்று எழுதியிருந்தால், வாழ்நாளில் வேறுபடுத்தாதவர்கூட வேறுபடுத்திக் காட்டுவார்.

எழுத்தில் பெயர்க்கும்போது அவர் சொன்னபடி எழுதுங்கள். 'போயிருச்சி' என்பதைப் 'போய்விட்டது' என்று திருத்தினால், ஒலியையும் எழுத்தையும் தானே பொருத்தும் மென்பொருள் இல்லாத ஒலிகளைத் தேடி அலையும். பேச்சை எழுத்தாக்கும் செயலிகள் நம் வீட்டுப் பெரியவர்களைப் புரிந்துகொள்ளத் தடுமாறுவதற்கும் இது ஒரு காரணம். சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு இந்திய மாவட்டங்கள்தோறும் பேச்சைத் திரட்டுகிறது, நல்ல பணி. சடக்கு (சாலை), பெரட்டு (காலைப் பெயர் அழைப்பு), ஆயக்கொட்டகை (குழந்தைக் காப்பகம்) போன்ற நம் தோட்டச் சொற்கள் அந்த மாவட்டங்களில் கிடைக்கா. அவற்றை நாம்தான் திரட்டித் தர வேண்டும்.

பழைய நாடாக்கள்

பல வீடுகளில் கேசட்டுகள் கிடக்கின்றன: திருமணம், கோயில் திருவிழா, இறந்த வீட்டு ஒப்பாரி. நம் ஈரக்காற்றில் நாடாவில் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்ததைப் பழைய பிளேயரில் போட்டு ஓட்டாதீர்கள். ஒருமுறை ஓட்டினால் பூச்சு உரியலாம், அடுத்த நாடாவுக்கும் பரவும். உலர்த்தித் துடைத்த பிறகு, நல்ல பிளேயரில் ஒரே ஒருமுறை, சரியாக மாற்றிவிட வேண்டும். உலக ஒலிக்காப்பகங்களின் சங்கம் வகுத்த நெறி இதற்குக் குறைந்தது 48,000 மாதிரி, 24 பிட் கேட்கிறது. 96,000 என்றால் இன்னும் நல்லது என்கிறது.

பிளேயர் நூற்றுக்கு மூன்று பங்கு வேகமாக ஓடினால் சுருதியும் எல்லா முகடுகளும் அதே மூன்று பங்கு ஏறிவிடும். நாற்பது ஆண்டுகளுக்கு முன் பதித்த குரலின் சரியான வேகம் எது என்று எப்படித் தெரியும்? அன்று எரிச்சலூட்டிய மின்கம்பி முனகல் இங்கே உதவிக்கு வருகிறது. இந்நாட்டில் பதித்த நாடாவில் முனகல் 51.5 ஹெர்ட்ஸில் கேட்டால், நாடா மூன்று பங்கு வேகமாக ஓடுகிறது. அதை 50-க்குக் கொண்டுவந்தால் குரல் தன் அளவுக்குத் திரும்பும். முனகலை முன்கூட்டியே வடிகட்டித் துடைத்துவிட்டவர்களுக்கு இந்தச் சாட்சி கிடைக்காது. மூலத்தில் கை வைக்காதீர்கள் என்று சொன்னதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது.

ஒலியோடு ஒரு தாளும் இருக்க வேண்டும்: பேசியவரின் வயது, பிறந்த தோட்டம் அல்லது குடியிருப்பு, பெற்றோர் வந்த ஊர், வீட்டில் பேசும் மொழிகள், பதித்த நாள், கருவி, அறை. தாள் இல்லாத ஒலி இருபது ஆண்டில் அநாதை. அனுமதியும் அவர் மொழியில் கேட்டு, அவர் குரலிலேயே பதியப்பட வேண்டும். சில நிமிடப் பேச்சைக் கொண்டு ஒருவர் குரலை நகலெடுக்கும் காலம் இது. யார் கேட்கலாம், எதற்குப் பயன்படுத்தலாம் என்று பேசியவரே சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் அழித்துவிட வேண்டும்.

வேண்டுகோள்

இந்நாட்டில் ஐந்நூறுக்கு மேல் தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொரு பள்ளியும் ஆண்டுக்கு ஒரு பெரியவரை, இங்கே சொன்ன அளவில் ஒரு மணி நேரம் பதித்தால், பத்தாண்டில் 5,000 மணி நேரம் நம்மிடம் இருக்கும். பல்கலைக்கழகங்கள் ஒரே படிவத்தையும் ஒரே கோப்பு முறையையும் வகுத்துக் கொடுக்கட்டும். கோயில்களும் சங்கங்களும் திருவிழா மலருக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு சிறு பங்கை ஒலிவாங்கிக்கு ஒதுக்கட்டும். பதித்ததை ஒரே ஒருவரின் கணினியில் விடாமல் இரண்டு பிரதியாக இரண்டு ஊரில் வையுங்கள்.

மாணவர்களுக்குத் தனியாக ஒரு சொல். நிதி வரட்டும், கருவி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். வரும் ஞாயிறு காலை உங்கள் தாத்தா பாட்டி வீட்டுக்குப் போங்கள். காற்றாடியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, ஒரு சாண் தூரத்தில் ஒலிவாங்கியை வைத்து, பழைய தோட்டத்துக் கதையைக் கேளுங்கள். வேவ் கோப்பாகச் சேமியுங்கள், தாளை நிரப்புங்கள், மூலத்தைத் தொடாதீர்கள். ஆய்வை நாளை செய்யலாம், பதிவை இன்றே செய்தாக வேண்டும்.